65 லட்சம் சாங்ஷன் ஆனதால் 65 லட்சத்துக்குப் படிக்க வேண்டுமா?

கேள்வி: சென்னையில் ஃபிரன்ட்-எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், வயது 27, கைக்கு வரும் சம்பளம் 68,000. சேமிப்பு 9 லட்சம். ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷனில் (ஹெச்.சி.ஐ., மனிதர்கள் எளிதாகப் பயன்படுத்தும்படி ஆப், இணையதளங்களை வடிவமைக்கும் துறை) மாஸ்டர்ஸ் படிக்க அமெரிக்காவில் இரண்டு இடங்கள் கிடைத்துள்ளன. இரண்டு வருடப் படிப்புக்கு மொத்தம் 60 லட்சம், ஒரு வருடப் படிப்புக்கு 58 லட்சம். ஒரு என்.பி.எஃப்.சி. (வங்கியல்லாத நிதி நிறுவனம்) 12% வட்டியில் 65 லட்சம் அடமானமில்லாமல் சாங்ஷன் செய்துவிட்டதால் பணப் பிரச்னை இல்லை. சாங்ஷன் கடிதத்தில் 1.9 லட்சம் ஒற்றை பிரீமியம் இன்ஷூரன்ஸும் சேர்த்திருக்கிறார்கள். அப்பா கூட்டு விண்ணப்பதாரர். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். 'பிராண்டைப் பார், பணத்தைப் பார்க்காதே' என்கிறார் டல்லாஸில் இருக்கும் சித்தப்பா. எதைத் தேர்வு செய்வது?

பதில்: இரண்டில் எது என்பதற்கு முன், உங்கள் கடிதத்தில் தெரியும் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாங்ஷன் ஆன தொகையையே பட்ஜெட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள். 60 லட்சம் தேவை, 65 லட்சம் கிடைத்திருக்கிறது, ஆகவே பிரச்னை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் தரும் நிறுவனம் பார்ப்பது கல்லூரியின் பெயரையும் அப்பாவின் கையெழுத்தையும்தான். நீங்கள் நிம்மதியாகத் திருப்பிக் கட்ட முடியுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 60 லட்சம், செமஸ்டருக்கு 15 லட்சமாக நான்கு தவணையில் போகிறது. படிக்கும் இரண்டு வருடத்தில் சேரும் வட்டி 9 லட்சம். படிப்பு முடிந்தபின் ஆறு மாத அவகாசத்தில் இன்னொரு 3.6 லட்சம். ஆக, முதல் இ.எம்.ஐ. தொடங்கும் நாளில் கடன் 72.6 லட்சம். பத்து வருடத்துக்கு மாதம் 1.04 லட்சம், மொத்தம் 1.25 கோடி. ஒரு வருடப் படிப்பிலும் இ.எம்.ஐ. 95,000-க்குக் குறையாது.

டாலர் சம்பளம் வந்தால் இதைக் கட்டிவிடலாம் என்கிறார் சித்தப்பா. வந்தால் சரி. ஆனால் மாணவர் விசாவில் படித்து முடித்தபின் அங்கே வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி. காலத்தில் வேலையில்லாமல் இருக்க அனுமதி மொத்தம் 90 நாள்தான். ஒரு வருடப் படிப்பில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு இடமே இருக்காது. அதற்குப் பதில் ஒரு நிறுவனத்துக்காகச் செய்யும் கேப்ஸ்டோன் எனும் இறுதி புராஜெக்ட் வரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் படிப்பு இந்த வகை. போய் இறங்கி மூன்றாம் மாதமே, போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பு) புதிதாக எதுவும் சேராத நிலையில், வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். டிசைன் பின்னணியோடு வருபவர்கள் சமாளித்துவிடுவார்கள். கோடிங்கிலிருந்து வரும் உங்களுக்கு அந்த வேகம் கடினம். ஆக, இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் இரண்டு வருடப் படிப்பே மேல்.

இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கடனை எப்போதும் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். ஊர் திரும்பி, இங்கேயே 90,000 ரூபாய் சம்பளத்தில் சேர்கிறீர்கள் என்று வைப்போம். மூன்றில் ஒரு பங்கு, 30,000 ரூபாய், இ.எம்.ஐ.-க்கு ஒதுக்கலாம். 12% வட்டியில் பத்து வருடத்துக்கு அது தாங்கும் கடன் 21 லட்சம். படிக்கும்போது சேரும் வட்டியைக் கழித்தால், நீங்கள் வாங்கக்கூடிய அசல் 17 லட்சம். உங்கள் எல்லை அதுதான்.

இந்த எல்லைக்குள் நல்ல படிப்பு உண்டு. ஜெர்மனியின் வைமார் நகரில் உள்ள பௌஹவுஸ் பல்கலைக்கழகத்தில் ஹெச்.சி.ஐ. எம்.எஸ்ஸி., நான்கு செமஸ்டர், ஆங்கிலத்திலேயே நடக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்ந்த இளநிலைப் பட்டம் கேட்பார்கள்; அது உங்களிடம் இருக்கிறது. டியூஷன் கட்டணம் கிடையாது, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். பெரிய செலவு வாழ்க்கைச் செலவு. விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 முதல் உள்ள அளவு. யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் 12.5 லட்சம். இரண்டு வருடத்துக்கு 25, விமானம், விசா, இதர செலவு 3, ஆக 28 லட்சம்.

இன்னும் ஒரு வருடம் வேலையில் இருங்கள். மாதம் 25,000 சேர்த்தால் சேமிப்பு 12 லட்சமாகும். மீதி 16 லட்சம்தான் கடன். அந்த ஒரு வருடமும் வீண் போகாது. இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு நேரம் பிடிக்கும், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். கூடவே ஜெர்மன் மொழியை பி1 எனும் இடைநிலை வரையாவது படியுங்கள். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் பலர் இதை விட்டுவிட்டு வேலை தேடும்போது தவிக்கிறார்கள். யூசர் ரிசர்ச் வேலை என்றால் பயனாளர்களை உட்கார வைத்துப் பேசவேண்டும். அவர்கள் பேசும் மொழி ஜெர்மன். உங்கள் கோடிங் அனுபவத்துக்கு புரோட்டோடைப் (மாதிரி வடிவம்) செய்யும் வேலைகளில் மொழித் தடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு.

இந்தியாவிலேயே படிக்கலாம் என்றால் ஐ.ஐ.டி. பம்பாயின் டிசைன் பள்ளியான ஐ.டி.சி.யில் இன்டராக்‌ஷன் டிசைன் எம்.டெஸ். (முதுநிலை டிசைன் பட்டம்) இருக்கிறது. அதற்கு ஜனவரியில் சீட் (CEED) நுழைவுத் தேர்வு. இன்ஜினீயர்கள் தடுமாறுவது கையால் வரைய வேண்டிய இரண்டாம் பகுதியில். தினம் ஒரு மணி நேரமாவது பென்சிலைப் பிடிக்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள். வேலையை விடவே மனமில்லை என்றால், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸில் ஹெச்.சி.ஐ. பாடம் உண்டு, மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர். பட்டம் கம்ப்யூட்டர் சயின்ஸில்தான், ஸ்டூடியோ வகுப்பும் கிடையாது.

அமெரிக்காவைக் கைவிட மனம் வரவில்லையா? இரண்டு வருடப் படிப்பின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு டியூஷன் தள்ளுபடியோடு அசிஸ்டென்ட்ஷிப் (பல்கலைக்கழகத்திலேயே சம்பளத்தோடு உதவியாளர் வேலை) கிடைத்தது, மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் வரும் சி.ஐ.பி. எண் (படிப்பின் துறையைக் குறிக்கும் எண்) ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். ஸ்டெம் இல்லையென்றால் ஓ.பி.டி. ஒரு வருடத்தோடு முடியும். இருந்தால் கூடுதலாக 24 மாதம். தள்ளுபடி கிடைத்து, சேமிப்பு போக வாங்க வேண்டிய கடன் 17 லட்சத்துக்குள் வந்தால் போகலாம். 'கிடைக்க வாய்ப்புண்டு' என்ற பதிலை 'இல்லை' என்றே படியுங்கள்.

சாங்ஷன் கடிதத்தில் 1.9 லட்சம் ஒற்றை பிரீமியம் இன்ஷூரன்ஸ் சேர்த்திருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த பிரீமியத்துக்கும் 12% வட்டி ஓடும். எந்தக் கடன் வாங்கினாலும் இதை நீக்கச் சொல்லுங்கள். கடன் தொகைக்கு ஈடாகத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்து அப்பாவை நாமினியாகப் போட்டால் போதும். வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்ட்கள் காட்டும், கல்விக் கடனுக்கான 80இ வரி விலக்கு பழைய வரி முறையில்தான், அதுவும் வட்டிக்குத்தான். 2.5 லட்சத்துக்கு 'வேலை உத்தரவாதம்' தரும் யூ.எக்ஸ். (பயனர் அனுபவ டிசைன்) பூட்கேம்ப் எனும் குறுகிய காலப் பயிற்சியிலும் இ.எம்.ஐ. போட்டுச் சேர வேண்டாம்.

அப்பா கூட்டு விண்ணப்பதாரர் என்பதால், நீங்கள் ஒரு தவணை தவறினால் அவரிடம்தான் முதலில் கேட்பார்கள். சிபில் ஸ்கோரும் இருவருக்கும் சேர்ந்தே இறங்கும். மாதம் 1.04 லட்சத்தை அவருடைய பென்ஷனிலிருந்து கட்ட முடியாது. அதனால் இந்த வாரமே என்.பி.எஃப்.சி.க்கு எழுத்தில் தெரிவித்து, ஒரு ரூபாய்கூடக் கடனாக டிஸ்பர்ஸ் ஆவதற்கு (வழங்கப்படுவதற்கு) முன் கடனை ரத்து செய்யுங்கள். புராசஸிங் கட்டணம் போனால் போகட்டும்.