“ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே!”: நாய் வளர்ப்போர் கேள்வி பதில்

நாய் வளர்ப்பு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பல வருஷம் நாய்களோடு இருந்து, நிறையத் தப்பு செய்து, சிலதைத் திருத்திக்கொண்டவன், அவ்வளவுதான். மருந்து, ஆபரேஷன் என்று வந்தால் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

கேள்வி: எங்கள் லாப்ரடார் பெண்ணுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. கருத்தடை செய்துவிடலாம் என்று இருக்கிறோம். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், “ஒரு தடவையாவது குட்டி போடாமல் விட்டால் பாவம், உடம்புக்கும் கெடுதல்” என்கிறார்கள். என் கணவரின் நண்பரிடம் நல்ல ஆண் நாய் இருக்கிறது. குட்டி வேண்டும் என்று இப்போதே ஆறு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யட்டும் அண்ணா?

பாவம் என்கிறவர்களில் எத்தனை பேர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பிரசவம் பார்க்க உங்களோடு உட்காரப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு தடவை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குத்தான் வயதாக ஆகக் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து இருக்கிறது. பயோமெட்ரா என்பார்கள். ஹீட், அதாவது இணைசேரும் பருவம், முடிந்து சில வாரங்களில் வரும். தண்ணீராகக் குடித்துத் தள்ளும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, சோர்ந்து கிடக்கும். அசட்டையாக இருந்தால் உயிரே போய்விடும். தாயாகாத ஏக்கம் எல்லாம் நாம் நம் மனசிலிருந்து எடுத்து அதன் மேல் போர்த்துவது.

அப்புறம் அந்த ஆறு பேர். இன்றைக்கு ஜோடி சேர்த்தால் கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள், பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க இன்னும் 8 வாரம். ஆக, நாலு மாதம் கழித்துத்தான் அவர்களுக்குப் போன் போடுவீர்கள். ஒருவர் வீடு மாறியிருப்பார், ஒருவருக்கு மனைவி சம்மதிக்கவில்லை, ஒருவர் போனையே எடுக்க மாட்டார். நான் இதைச் செய்து பார்த்தவன். என் நாய் 9 குட்டி போட்டது. முதல் மூன்று வாரம் சுகம்தான், எல்லாவற்றையும் தாயே பார்த்துக்கொண்டது, கண் திறப்பதற்கே பத்துப் பதினாலு நாள் ஆகும். நாலாவது வாரத்திலிருந்துதான் கூத்து ஆரம்பித்தது. செய்தித்தாளை விரிப்பதும் ஈரத்தோடு சுருட்டுவதும்தான் என் வேலை, ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பால் கிண்ணத்துக்குள்ளேயே நடக்கும். வேண்டும் என்று சொல்லி வைத்த எட்டுப் பேரில் வந்தது மூன்று பேர். மிச்சத்தைக் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததில் ஒன்று எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. கழுத்தைச் சுற்றி முடி இல்லாத ஒரு வட்டம், குட்டியாக இருந்தபோது மாட்டிய பெல்ட்டைத் தளர்த்தாமலே வளர விட்டிருக்கிறார்கள். தலையைச் சொறிய நான் கையைத் தூக்கினாலும் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அதைப் பெறவைத்தவன் நான்தானே? அடித்தவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

இவ்வளவுக்குப் பிறகும் குட்டி வேண்டும் என்றால், இரண்டு நாய்களுக்கும் இரண்டு வயது முடிந்தபின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுங்கள், கண்ணைச் சோதியுங்கள், பரம்பரை நோய்ப் பரிசோதனை செய்யுங்கள். நண்பரின் நாய் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்பது ஒரு பரிசோதனை ஆகாது. கொடுக்கிற குட்டி எந்த வயதில் திரும்பி வந்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாது என்றால் ஆபரேஷனுக்கு நாள் குறியுங்கள். ஹீட்டில் இருக்கும்போது வேண்டாம், முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆகட்டும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஒன்று மட்டும் கவனம்: ரத்தப்போக்கு குறைந்ததும் ஹீட் முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்து விடுவார்கள். கரு தங்குவதற்கு ஏற்ற நாளே அப்போதுதான். முழுசாக மூன்று வாரத்துக்கும் மேலே காவல் வேண்டும். ஒரே பிரசவத்தில் இரண்டு அப்பாக்களின் குட்டிகள் பிறப்பதுகூட நாய்களில் சாத்தியம், நண்பரின் நாயை மட்டும் நம்பி உட்காராதீர்கள்!

கேள்வி: எங்கள் பீகிளுக்கு ஆறு வயது. நாங்கள் சாப்பிடுவதில் அவனுக்கும் பங்கு உண்டு. டாக்டர் எடை அதிகம் என்கிறார், எங்களுக்கோ கொழுகொழுவென்று நன்றாகத்தான் தெரிகிறான். இதற்கிடையில் ஒருவர், “ஓநாய் தானியமா தின்றது? தானியமே இல்லாத உணவு வாங்கிப் போடுங்கள்” என்கிறார். எதை நம்புவது?

டாக்டரை. கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். உங்கள் கையை மேசைமேல் கவிழ்த்து விரித்து வைத்து, விரல்களுக்குப் பின்னால் புறங்கையில் ஓடும் எலும்புகளை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. கையை முஷ்டியாக மடக்கினால் மேட்டு எலும்பு துருத்துமே, விலா அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுகிற மாதிரி மெத்தென்று இருந்து எலும்பைத் தேட வேண்டியிருந்தால், உங்கள் கொழுகொழு பையன் குண்டுப் பையன்தான். மேலே இருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியும் இருக்க வேண்டும்.

2002-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இரண்டு வருஷம்! நாம் பாசம் என்று தட்டிலிருந்து எடுத்துப் போடுகிற துண்டுகளின் விலை அது.

வழக்கமாகக் குற்றவாளி நாய் இல்லை, வீட்டில் நாலு பேர் ஆளுக்கு ஆள் தெரியாமல் கொடுப்பதுதான். அவனோ இப்போதுதான் பட்டினியிலிருந்து மீண்டவன் மாதிரி ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்காருவான், பீகிளுக்கு அது கைவந்த கலை. காலையில் அன்றைய மொத்த உணவையும் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். யார் எது கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான், டப்பா காலி என்றால் அன்றைக்குக் கடை மூடியாச்சு. கொறிக்கிற சமாச்சாரம் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு ஒரு தொடக்கம்தான், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு இன்னும் குறைவாகவே தேவைப்படும். ஆபரேஷனால் குண்டாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் பலரும் கிண்ணத்தைக் குறைக்க மறந்தவர்கள்.

ஓநாய்க் கதைக்கு வருவோம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு நிறைய இருப்பதை 2013-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மனுஷனோடு ஒண்டிக்கொண்டு வாழ்ந்ததில் அதன் வயிறும் மாறிவிட்டது. தானியம் ஒத்துக்கொள்ளாத நாய்கள் உண்டு, ஆனால் குறைவு. தானியமில்லா உணவு சாப்பிட்ட சில நாய்களுக்கு இதயத் தசை பலவீனமானதைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. அந்த உணவுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் தேவையில்லாத ஒன்றுக்கு எதற்கு வம்பு?

உங்கள் தட்டுப் பங்கை நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சமைத்தாலும் அப்படித்தான். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் தெரிந்ததுதான், கறுப்பாக இருக்க இருக்க ஆபத்து அதிகம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு கொஞ்சம் போனாலே ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நமக்குப் போடும் வலி மாத்திரையை அதற்குக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

கேள்வி: வீட்டுக்குள் அசிங்கம் செய்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் தப்பு என்று அதற்குத் தெரிகிறதுதானே?

உங்கள் முகம் மாறியது தெரிகிறது, அவ்வளவுதான். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாய்கூட, சொந்தக்காரர் தப்பு செய்ததாக நினைத்துத் திட்டியபோது அதே குற்றவாளி முகத்தைக் காட்டியது. திட்டுவதை விட்டுவிட்டு, சாப்பிட்டதும் தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப் போங்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குச் சப்பை மூக்கு நாய்க்குட்டி ஒன்று பரிசளிக்க ஆசை. விற்பவர், “35 நாள் குட்டி, இந்த வயதில் வாங்கினால்தான் உங்களிடம் ஒட்டும்” என்கிறார். குறட்டைகூட விடுகிறது, அவ்வளவு அழகு! வாங்கலாமா?

35 நாள் என்றால் ஐந்து வாரம். பால்குடி முழுசாக மறக்காத பிள்ளை. கூடப்பிறந்ததை ஓங்கிக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்வது அப்படித்தான். அந்தப் பாடம் படிக்காமல் வந்தால் அதை உங்கள் மகளின் கையில்தான் படிக்கும். எட்டு வாரத்துக்கு முன்னால் கொடுக்கிறவரிடம் வாங்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், குட்டிகள் அதன் கூடவே இருக்கும்போது. தாய் வேறு இடத்தில் இருக்கிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் குறட்டை அழகில்லை, மூச்சுக்குப் படுகிற பாடு. முகத்தைச் சப்பையாக்கிவிட்டோம், உள்ளே இருக்கும் சதை அதே அளவில் சுருங்கவில்லை, அதனால் காற்றுப்பாதை அடைக்கிறது. மூச்சிரைத்துத்தான் நாய் சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்பதால் வெயிலும் அதற்குத் தாங்காது. பிரிட்டனில் 2010-இல் வந்த ஓர் ஆய்வில் புல்டாக், பிரெஞ்சு புல்டாக் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன். தானாகப் பிறக்கவே சிரமப்படும் உருவத்தை அழகு என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை விற்பார்கள்.

பிரான்சில் 2021-இல் போட்ட சட்டப்படி, முதன்முறை நாய் வாங்குகிறவர் பொறுப்புகளை அறிந்ததாகக் கையெழுத்துப் போட்டு 7 நாள் காத்திருக்க வேண்டும். நீங்களும் ஏழு நாள் ஒத்திகை பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, வெறும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டாவது அரை மணி நேரம் மகளும் நீங்களும் நடங்கள். ஐந்தாவது நாள் யார் எழுந்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் நாய் என்ன இனம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கலப்பு என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்த்துக் கொடுக்கும் நிறுவனத்தில் வாலி கான்ரன் என்று ஒருவர் இருந்தார். பார்வையற்ற பெண்ணொருவர் வழிகாட்டி நாய் கேட்டார், அவர் கணவருக்கோ நாய் முடி ஒத்துக்கொள்ளாது. 1989 வாக்கில் லாப்ரடாரையும், முடி அதிகம் உதிராத பூடில் இனத்தையும் சேர்த்தார் கான்ரன். பிறந்த மூன்றில் ஒன்று கணவருக்கு ஒத்துவந்தது. மற்ற இரண்டையும் வாங்க ஆளில்லை, கலப்பு என்பதால். உடனே ‘லாப்ரடூடில்’ என்று பெயர் சூட்டி, புது இனம் என்று அறிவிக்கச் செய்தார். அதே குட்டிகள், அதே முடி, போன் ஓயவில்லை! கண்டவர்களும் கண்டபடி கலந்து விற்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, இதை ஏன் செய்தோம் என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். உங்களுக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தால் நீங்களும் வாயில் நுழையாத பெயராக ஒன்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: மாறப்போகும் வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை. ஐந்து வருஷம் வளர்த்த நாய். ஆள் நடமாட்டமும் சாப்பாடும் இருக்கிற இடமாகப் பார்த்து விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா? என்னைத் திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

திட்டவில்லை. ஆனால் பிழைத்துக்கொள்ளாது. கிண்ணத்தில் சாப்பிட்டுப் பழகியதற்கு இரை தேடத் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது, அந்த இடத்து நாய்கள் உள்ளே விடாது. நீங்கள் விட்ட இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தடுப்பூசி காலாவதியாகிவிட்டால் அது மற்றவர்களுக்கும் ஆபத்து. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் மனுஷனோ நாயோ பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

இன்னும் நாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் புது வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை பேசுங்கள், நாயை நேரில் கூட்டிப் போய்க் காட்டி, இப்போதைய வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல வார்த்தை எழுதி வாங்கிக்கொண்டு. அது நடக்கவில்லை என்றால் நீங்களே வீடு தேடுங்கள், காப்பகம் அதற்கு அடுத்தபடி. குறையை மறைக்காதீர்கள். இடிக்குப் பயப்படும், பூனையைத் துரத்தும், தனியாக விட்டால் குரைக்கும், இருப்பதைச் சொல்லுங்கள். மறைத்துக் கொடுத்தால் பத்தே நாளில் திரும்பி வரும், அல்லது உங்களுக்குச் சொல்லாமலே வேறு கைக்குப் போகும். கேட்கிறவர் வீட்டுக்கு நீங்கள் போய்ப் பாருங்கள். கருத்தடை செய்யவில்லை என்றால் செய்துவிட்டே கொடுங்கள், ஓசியில் குட்டி போட ஒரு நாய் கிடைத்தது என்று வருகிறவர்கள் அத்தோடு விலகுவார்கள். தடுப்பூசி அட்டை, சாப்பிடும் நேரம், எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தோலுக்கடியில் அடையாளத்துக்கு வைக்கும் மைக்ரோசிப் இருந்தால், அதன் பதிவில் உள்ள உங்கள் பெயரையும் போன் எண்ணையும் புது ஆளுக்கு மாற்றுங்கள். அது படுக்கும் துணியைத் துவைக்காமல் அப்படியே கூட அனுப்புங்கள், புது இடத்தில் முதல் சில நாள் அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். சாப்பிடவில்லை என்று போன் வந்தால் பதறாதீர்கள், பழகச் சில வாரம் ஆகும், சிலதுக்கு மாதக்கணக்கு.

கேள்வி: எனக்கு 12 மணி நேர வேலை. தனியாக இருக்கிறேன். எந்த இனம் சரிப்படும்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். அருகில் காப்பகம் இருந்தால் லீவு நாளில் போய், அங்கே நடைக்குக் கூட்டிப் போக ஆளில்லாத நாய் ஒன்றைக் கேளுங்கள். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், புதுசைக் கடித்துவிடும்.