ஹெய்ஹாச்சி தலைக்கு யார் பொறுப்பு?

கேள்வி (கல்லூரி மாணவர், திண்டுக்கல்): டெக்கன், மார்ட்டல் காம்பாட் என்ற இரண்டு சண்டை வீடியோ கேம்களும் ஒரே கேமில் மோதினால் எப்படி இருக்கும்? மார்ட்டல் காம்பாட்டின் ஸ்கார்ப்பியனா, டெக்கனின் காஸுயாவா, யார் ஜெயிப்பார்?

பதில்: நீங்கள் ஜெயிப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள், எனக்குப் பொத்தான் கவலை. டெக்கனில் நாலே பொத்தான்: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். அடியைத் தடுக்க ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் போதும். மார்ட்டல் காம்பாட்டில் 1992-லிருந்தே தடுப்பதற்கென்று தனிப் பொத்தான் உண்டு. அப்புறம் நடை. ஸ்கார்ப்பியன் கயிற்று ஈட்டியை வீசுகிறார், காஸுயா பக்கவாட்டில் ஒரு எட்டு வைக்கிறார், ஈட்டி காற்றில் போகிறது. அப்படி ஒதுங்கக் கூடாது என்று சட்டம் போட்டால் அது டெக்கனே இல்லை.

இந்தச் சிக்கலைக் கேப்காம், எஸ்என்கே என்ற இரண்டு கேம் நிறுவனங்களும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பொத்தான், எஸ்என்கே ஆட்களுக்கு நாலு. 2000-ல் வந்த கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே நாலில் நின்றது, 2001-ல் வந்த இரண்டாம் பாகம் ஆறுக்குப் போனது. ஆனால் அதில் ஆறு 'க்ரூவ்' வைத்தார்கள். ஓடுவதா உருளுவதா, பவர் கேஜ் (சிறப்பு அடிக்கான சக்திப் பட்டை) எப்படி நிரம்புவது என்பதை ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். மூன்று கேப்காம் பாணி, மூன்று எஸ்என்கே பாணி. அவரவர் வீட்டுச் சமையலை அவரவரே கட்டிக்கொண்டு வந்த மாதிரி. நண்பன் வீட்டு பிளேஸ்டேஷன் 2-ல் நாங்கள் போட்ட ஒரே சட்டம், சாகத் என்ற வீரரை யாரும் எடுக்கக் கூடாது. அதைப் போட்டவன்தான் தோற்கத் தொடங்கியதும் முதலில் எடுப்பான்.

டெக்கன் 7-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆள் அகுமா வந்தபோதும் இதே வழிதான். தன் நெருப்புப் பந்தையும் சூப்பர் கேஜையும் கையோடு கொண்டுவந்தார். ஆகவே பொத்தான் பிரச்சினை தீரும். தீராதது ஃபேட்டாலிட்டி, அதாவது மார்ட்டல் காம்பாட்டில் தோற்றவரைக் கொடூரமாகக் கொல்லும் கடைசி அடி. டெக்கன் ஆளான ஹெய்ஹாச்சியின் தலையைப் பிய்க்க, டெக்கன் நிறுவனமான பண்டாய் நாம்கோ சம்மதிக்குமா? 2008-ல் மார்ட்டல் காம்பாட் டிசி நாயகர்களோடு மோதியபோது பேட்மேனும் சூப்பர்மேனும் கொலையே செய்யவில்லை. ரத்தத்தையும் குறைத்துவிட்டார்கள். அந்த அடங்கிய ஸ்கார்ப்பியனை எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, ஜெயிப்பது யார்? காஸுயா. நான் டெக்கன் கட்சி.

கேள்வி (வாசகி, மதுரை): போட்டி நிறுவனங்களுக்குள் நிஜமாகவே பகை இருந்ததா?

பதில்: பகை என்பதைவிடப் பங்காளிச் சண்டை என்பேன். 1987-ல் கேப்காமில் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை இயக்கிய தகாஷி நிஷியாமா அப்புறம் எஸ்என்கேவுக்குப் போனார். அங்கே 1991-ல் ஃபேட்டல் ஃப்யூரி வந்தது. மறு வருடம் ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கில் வந்த ரியோவும் ராபர்ட்டும் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூவையும் கென்னையும் உரித்துவைத்திருந்தார்கள். கேப்காம் கோர்ட்டுக்குப் போகாமல் கேலியில் பதில் சொன்னது. 1995-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபாவில் டான் வந்தான்: ரோஸ் நிறக் கராத்தே உடை, ராபர்ட் மாதிரி குடுமி, ஒற்றைக் கையால் விடும் நெருப்புப் பந்து. அது நாலடி தள்ளி நிற்பவரைத் தொடுவதற்குள் அணைந்துவிடும். இத்தனை செலவு செய்து கிண்டலடிக்கிற பங்காளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி (அதே திண்டுக்கல் மாணவர்): டெக்கன் எக்ஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இனி வருமா?

பதில்: 2010-ல் கேப்காம், பண்டாய் நாம்கோ இரண்டு வீட்டாரும் சேர்ந்து, ஆளுக்கொரு கேம் என்று அறிவித்தார்கள். கேப்காம் தன் பங்கு கேமை 2012-ல் கொடுத்துவிட்டது. மற்ற வீட்டார் நாள் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் கைவிட்டுவிட்டார்கள்.