ஒரு ஹப் பிடிக்காவிட்டால் முன் சில்லு இரண்டும் சும்மாதான்

கேள்வி: என்னிடம் 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106 டபுள் கப் இருக்கிறது. வயல் வெல்லாவெளிப் பக்கம். மாரி தொடங்கினால் வட்டைப் பாதை சேறாகிவிடும். முன் சில்லுகளை அக்சில் ஷாஃப்டோடு பூட்டும் ஹப் இரண்டையும் லொக்கில் (பூட்டிய நிலை; ஃபிரீ என்றால் விட்ட நிலை) வைத்து ஃபோர் வீல் போட்டால் விளக்கு எரிகிறது, ஆனால் பின் சில்லுகள்தான் சுற்றுகின்றன. இடது ஹப்பின் திருகு கைக்குத் திரும்பாது, பிளையர் வேண்டும். ஓட்டத்தை முன் அக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார் கராஜ்காரர். கழற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிளையர் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

அந்த விளக்கு, ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்குள் ஃபோர் வீல் விழுந்ததை மட்டும்தான் காட்டும். ஹப் பிடித்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. இடது ஹப் ஒன்று பிடிக்காவிட்டாலே முன்பக்கம் முழுதும் செத்துவிடும். முன் அக்சிலில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷல். எந்தப் பக்கம் இலேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்துக்கே ஓட்டத்தை விட்டுவிடும். இடது ஷாஃப்ட் ஹப்புக்குள் வெறுமனே சுற்றும். பழுதே இல்லாத வலது சில்லு நின்ற இடத்தில் நிற்கும்.

ட்ரான்ஸ்பர் பொக்ஸ் நல்லதா என்று அறிய ஒரு சின்னச் சோதனை போதும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஹப் இரண்டும் ஃபிரீயில் இருக்கட்டும். டூ வீலில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டை (ட்ரான்ஸ்பர் பொக்ஸிலிருந்து முன் அக்சிலுக்குப் போகும் தண்டு) கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். ஃபோர் வீல் போட்டு, முதல் கியரிலும் விட்டுப் பாருங்கள். அப்போது அது சிறு ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். நின்றால் ட்ரான்ஸ்பர் பொக்ஸில் கை வைக்கத் தேவையில்லை. தொடர்ந்து சுற்றினால் மட்டும் கராஜ்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்து முன் சில்லுகள் இரண்டையும் தரையிலிருந்து தூக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் அக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஹப் இரண்டையும் லொக்கில் வைத்து, ஃபோர் வீலும் முதல் கியரும் அப்படியே இருக்க, இடது சில்லைக் கையால் சுற்றுங்கள். வலது சில்லு எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஹப் இரண்டும் பிடித்திருக்கின்றன. சுற்றாவிட்டால் ஒன்று பிடிக்கவில்லை. ஒவ்வொரு சில்லாகச் சுற்றி ஒப்பிடுங்கள்: ஃபிரீயில் இருப்பது போல எது இலேசாக ஓடுகிறதோ அதுவே பழுது. பிடித்த பக்கம் டிஃபரன்ஷலையும் இழுப்பதால் கொஞ்சம் கனமாக இருக்கும்.

இனி ஹப்பைத் திறக்கலாம். திருகைச் சுற்றியுள்ள சேற்றை பிரஷால் தேய்த்துக் கழுவி, ஃபிரீயில் வைத்து, மூடியின் ஆறு போல்ட்களையும் 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் கழற்றுங்கள். மூடி வந்ததும் உள்ளே இருப்பதைத் துடைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பழுதின் கதை அந்தக் கிறீஸின் நிறத்தில்தான் இருக்கிறது. பால் தேநீர் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஹப் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, பழைய கஸ்கட் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வாவியோர உவர்நீர் என்றால் துருவும் சேர்ந்திருக்கும். கறுப்பாக, எண்ணெய் போல வழிந்தால் அக்சிலின் உள் ஒயில் சீல் போய், டிஃபரன்ஷல் ஒயில் கிறீஸைக் கரைத்து வருகிறது. ஹப்பைச் சுத்தம் செய்வதால் அது தீராது. கட்டியாக, மெழுகு போல அடைந்திருந்தால் யாரோ நல்லெண்ணத்தில் கிறீஸை அமுக்கி நிரப்பியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அதிகம் நடப்பது இதுதான். பெயாரிங்குக்குக் கிறீஸ் நிரம்ப வேண்டும், ஹப்புக்குள் வேண்டாம். உள்ளே பல் வைத்த வளையம் ஒன்று ஸ்பிரிங்கின் தள்ளலில் நகர்ந்து பிடிக்க வேண்டும். கிறீஸ் அடைத்தால் அது பாதி வழியில் நின்றுவிடும்.

பாதி பிடித்த பற்கள் பாரம் ஏறும்போது 'கடக்' என்று வழுக்கும். நேராகப் போகும்போது அப்படிக் கேட்டால் ஹப். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டிக் டிக்' என்றால் உள்ளே இருக்கும் சி.வி. மூட்டு, அதாவது சில்லு திரும்பினாலும் ஷாஃப்டைச் சுற்ற விடும் மூட்டு.

ஹப்பின் உடலையும் கழற்ற வேண்டுமானால் முதலில் ஷாஃப்ட் நுனியில் உள்ள போல்டை எடுங்கள். சில ஹப்பில் அந்த இடத்தில் சேர்க்லிப் இருக்கும். பிறகு ஆறு நட். அவற்றின் கீழே இருக்கும் கூம்பு வோஷர்கள் இலேசில் வராது. ஸ்டட்டின் மரையில் அடிக்காமல், பித்தளைத் தண்டை வைத்து அதன் பக்கத்தில் உலோகத்தைத் தட்டினால் கிளம்பும். எல்லாவற்றையும் டீசலில் கழுவி உலர்த்துங்கள். பற்களின் முனை உருண்டிருந்தால் அரத்தால் ராவிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருந்தால் லிதியம் கிறீஸை விரலால் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும்.

பூட்டும்போது பலர் கெடுப்பது மூடியைத்தான். திருகு ஃபிரீயில் இருக்க வேண்டும். மூடியின் உள்காதுகள் உடலில் பல் இல்லாத இடங்களில் இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் கையழுத்தத்திலேயே மூடி உட்காரும். உட்காராததை போல்ட் இறுக்கி இழுத்தால் உள்காது முறியும். மூடி போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் மரை கழன்றுவிடும். ஆறு நட்டுக்கு 31 நியூட்டன் மீட்டர். இவை தளர்ந்தால் சில்லின் இழுவை முழுதும் ஸ்டட்களில் விழுந்து அவை வெட்டுப்படும். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். கஸ்கட் புதிது போடுங்கள். சிலிக்கன் பூசினால் மிக மெல்லியதாக; பிதுங்கி உள்ளே விழுந்த துண்டே வளையத்தை நிறுத்திவிடும்.

சில்லு தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சில்லு பெயாரிங், நிற்காவிட்டால் நக்கிள் (ஸ்டியரிங்கோடு திரும்பும் மூட்டு) பெயாரிங். எதுவானாலும் ஹப் பூட்டுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை.

பிளையரை இனி விட்டுவிடுங்கள். கைக்குத் திரும்பாத திருகைப் பலவந்தமாகத் திருப்பினால் வளையம் பாதியில் நிற்க, திருகு மட்டும் லொக் என்று காட்டும். ஃபோர் வீலில் தார் வீதியில் ஓடிவிட்டு ஃபிரீக்குத் திருப்ப முடியாமல் இருப்பது வேறு சங்கதி. முன்னும் பின்னும் முறுக்கேறி நிற்கும். டூ வீல் போட்டு சில மீட்டர் நேராகப் பின்னுக்கு எடுத்தால் விட்டுவிடும்.

பழைய ஹப்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையானாலும் உள்ளூர்க் கடையானாலும், உங்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஷாஃப்ட் நுழையும் உள்பற்களை எண்ணி ஒப்பிடுங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஹப்கள் பல உண்டு. வாங்கும் முன் கையில் வைத்தே இருபது தடவை லொக்குக்கும் ஃபிரீக்கும் திருப்புங்கள். ஒருமுறை இடறினாலும் அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.