காபிக் கடை ஓப்பன் மைக்கில் முதன்முறையாகப் பாடுவதற்கு எப்படித் தயாராவது?

வீட்டில் ஓரளவு கிட்டார் வாசித்துப் பாடத் தெரியும், அருகிலுள்ள காபிக் கடையில் வாரந்தோறும் நடக்கும் ஓப்பன் மைக்கில் (யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடக்கூடிய மேடை) பெயர் கொடுக்கலாமா, கொடுத்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கொடுங்கள். ஆறு ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது இப்படிப்பட்ட மேடைகளில் வாசித்து வருபவன் என்ற முறையில், பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

கச்சேரிக்கு வருபவர் பாட்டுக் கேட்கவே வருகிறார். காபிக் கடைக்கு வருபவரோ நண்பரைப் பார்க்கவும், படிக்கவும், சற்று நேரம் தனியாக உட்கார்ந்திருக்கவும் வருகிறார். அவருடைய மாலைப் பொழுதுக்குள் நுழைபவர்கள் நாம்தான். ஆகவே நீங்கள் பாடும்போது யாராவது பேசிக்கொண்டிருந்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982-ல் தொடங்கிய புளூபேர்ட் கஃபேயைப் போல, பாடல் நடக்கும்போது பேசக்கூடாது என்பதையே வழக்கமாக வைத்திருக்கும் இடங்கள் மிகவும் அரிது. 1960-களில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் காபிக் கடைகளில் பாடியவர்கள் பலர், பாடி முடித்ததும் சுற்றி வரும் கூடையில் விழுந்த காசையே ஊதியமாகப் பெற்றார்கள். கேட்பவர் காதை முதலில் சம்பாதிக்க வேண்டும் என்பது அன்றும் இதேபோலத்தான் இருந்திருக்கிறது. இதை மனத்தார ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு அந்த மேடை பிடிக்கத் தொடங்கியது.

பெரும்பாலும் இரண்டு மூன்று பாடல்களோ, பத்துப் பதினைந்து நிமிடமோ தருவார்கள். முதல் பாடலாக, நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் பாடக்கூடிய ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பாடுவதற்காக வந்தீர்களோ அதை இரண்டாவதாகப் பாடுங்கள். கை நடுக்கமும் நாக்கு உலர்வதும் முதல் பாடலோடு பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால், கடினமான பாடலை அந்த நடுக்கத்துக்குப் பலி கொடுக்க வேண்டாம். தொடக்க இசையை நான்கு சுற்றிலிருந்து இரண்டாகக் குறையுங்கள், ஏனென்றால் அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பது குரல் எழும்போதுதான்.

பதற்றத்தில் எல்லோரும் வேகமெடுப்பார்கள், நானும்தான். மேடையில் எடுத்த முதல் பதிவைக் கேட்டபோது, நிமிடத்துக்கு 84 தட்டு என்று, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோநோமில் பழகிய பாடலை நான் நூற்றுக்கு மேல் ஓட்டியிருந்தேன். சரணத்தின் இரண்டாம் வரியில் மூச்சு வாங்கியது தெளிவாகக் கேட்டது. அதற்கு நான் கண்ட மருந்து, கிட்டாரைத் தொடுவதற்கு முன் பல்லவியின் முதல் வரியை மனத்துக்குள் ஒருமுறை முழுவதும் பாடிப் பார்ப்பது. சொற்கள் நெருக்கமாக வரும் இடம் எந்த வேகத்தில் சரியாக உட்காருமோ, அந்த வேகத்தில் தொடங்கினால் கை தானாகவே அடங்கி நடக்கும்.

கருவி பற்றிச் சில சொற்கள். புதிய கம்பிகளை மாட்டுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே மாட்டிவிடுங்கள், அன்று மாலை மாட்டிய கம்பி இழுபட்டுக்கொண்டே போய்ச் சுருதி இறங்கும். கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை உயர்த்தும் கவ்வியான கேபோவைப் போட்டதும் சுருதி சற்று ஏறக்கூடும் என்பதால் மறுபடியும் சரிபாருங்கள். கிட்டாரின் தலையில் கவ்வும், சுருதி காட்டும் டியூனர் காற்றிலுள்ள ஒலியை விட்டுவிட்டு மரத்தின் அதிர்வைப் படிக்கிறது. கடை எவ்வளவு இரைச்சலாக இருந்தாலும் அது உதவும். கம்பியின் ஒலியை மின்சைகையாக மாற்றும் பிக்கப் பொருத்திய கிட்டாராக இருந்தால், கேபிள் செருகியிருக்கும் நேரமெல்லாம் உள்ளேயிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். கேபிளைச் செருகும்போதும் உருவும்போதும் ஒலி அளவுகளைச் சரிசெய்யும் மிக்சரில் அந்தக் கேபிள் வரும் வழியின் ஒலியை முழுக்கக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் விழும் அந்த ஒரே அடியில் அறை முழுவதும் திடுக்கிடும்.

வீட்டில் பழகுபவர்கள் அதிகம் தவறுவது மைக் விஷயத்தில்தான். நான் வாசித்த கடைகளில் பெரும்பாலும், ஷூர் நிறுவனம் 1966-ல் வெளியிட்ட எஸ்எம் 58 என்ற மைக்கோ அதே வகையைச் சேர்ந்த வேறொன்றோதான் இருந்தது. இந்த வகை மைக் முன்னாலிருந்து வரும் ஒலியை நன்றாக வாங்கும், பின்னாலிருந்து வருவதை மிகக் குறைவாகவே வாங்கும். ஆகவே நீங்கள் கேட்பதற்காக வைத்த ஸ்பீக்கர் மைக்கின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். மைக்கின் முகம் ஸ்பீக்கரை நோக்கித் திரும்பினால் அந்தக் காது கூசும் ஊளை எழும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் அதே ஊளை வரலாம், ஏனென்றால் பின்பக்க ஒலியை விலக்குவதற்காக வைத்த துளைகள் அடைபட்டுவிடுகின்றன. உதட்டை இரண்டு விரற்கடை தொலைவில் வைத்துப் பாடினால் குரலின் அடிப்பகுதி கனமாக வரும். உச்சத்துக்குப் போகும்போது சற்றுப் பின்வாங்குங்கள். இதற்கு வீட்டில் மைக்குக்குப் பதிலாக ஒரு மரக்கரண்டியைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றபடி பழகினாலே போதும். நின்றபடி என்பது முக்கியம், உட்கார்ந்து பழகிய கை நின்றதும் ஃபிரெட்டை (கிட்டார் கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி) தேடும்.

காபி இயந்திரத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், மிகவும் தணிந்த குரலில் பாட வேண்டிய ஒரு வரிக்கு நான் வந்து சேர்ந்த அதே நொடியில், பால் சூடாக்கும் நீராவிக் குழாய் சீறத் தொடங்கியது. அந்தச் சீறல் குரலின் மெல்லிய ஒலிகளையும் மூச்சையும் அப்படியே விழுங்கிவிடும். அதை மீறிக் கத்துவதற்குப் பதிலாக, வரியைப் பாடாமல் அதற்கு முந்தைய இரண்டு கார்டுகளையே (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) திரும்பத் திரும்ப, மெதுவாக வாசித்துக்கொண்டு நின்றேன். இருபது நொடி இருக்கலாம். சீறல் அடங்கியது, அந்தத் திடீர் அமைதிக்குள் வரியைப் பாடினேன். முன்வரிசை மேசையில் பேசிக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். காத்திருந்து பாடிய அந்த வரி, திட்டமிட்டபடி பாடியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே இன்றும் நம்புகிறேன்.

அடுத்த வாரம் சீக்கிரமாகப் போய், காபி போடும் இளைஞரிடம் என்னுடைய மூன்று பாடல்களில் எது தணிந்த பாடல் என்று சொல்லி வைத்தேன். அன்று அந்தப் பாடலின் கடைசிச் சரணத்தில் பார்த்தேன்: பால் குவளை அவர் இடக்கையில், வலக்கை குமிழின் மேல், கண் என் கிட்டார் கையில். கடைசிக் கார்டு ஓய்ந்த பிறகுதான் குமிழைத் திருப்பினார். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் அறிமுகம் செய்துகொள்வது மிக்சரின் முன் இருப்பவரிடமும் காபி இயந்திரத்தின் முன் நிற்பவரிடமும்தான்.

தவறு நேர்ந்தால் நிறுத்தாமல் கடந்து போங்கள். சொல் மறந்தால் அதே மெட்டில் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம். மன்னிப்புக் கேட்டால்தான் அது பிழையென்றே பலருக்குத் தெரியவரும். பாடல்களுக்கு இடையே நீண்ட முன்னுரை வேண்டாம்: பாட்டின் பெயர், ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பெயர் எழுதுங்கள். முதல் ஆளுக்கு ஒலியமைப்பு இன்னும் சரியாகியிருக்காது, கடைசி ஆளுக்கு முன் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். உங்கள் முறை முடிந்ததும் கிட்டாரைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து மற்றவர்களைக் கேளுங்கள். பாடி முடித்த கையோடு வெளியேறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நான் முதன்முறை நடுங்கிக்கொண்டு பாடியபோது கடைசிவரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்கு முன்னால் பாடிவிட்டுப் போகாமல் இருந்த ஒரு பெரியவர் மட்டுமே.