மானிடவியல் மேற்படிப்பு: கேட்டவர்களுக்குச் சொன்னது

சமூகப் பண்பாட்டு மானிடவியலில் எம்.ஏ. முடித்து, தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் 14 மாதம் களப்பணி செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். மேற்படிப்பு பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதற்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மானிடவியலை ஒரு பாடமாகக்கூடப் படித்ததில்லை. முதுகலையில் சேர முடியுமா? (மாணவி, மதுரை)

தாராளமாகச் சேரலாம். இளங்கலையில் மானிடவியல் இருக்கும் கல்லூரிகள் நம் பக்கம் மிகக் குறைவு. அதனால் முதுகலை வகுப்பில் பெரும்பாலும் எல்லோருமே புதியவர்கள்தான். என்னோடு பி.காம். படித்தவர் ஒருவரும் நர்சிங் படித்தவர் ஒருவரும் இருந்தார்கள். சில துறைகள் எம்.ஏ. தரும், சில எம்.எஸ்சி. தரும். தகுதியை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பண்பாட்டைப் படிக்கத்தான் வந்தேன் என்றாலும் விடமாட்டார்கள். இந்தியாவில் பல துறைகளில் உடல்சார் மானிடவியலும் தொல்லியலும் சேர்ந்தே வரும். எலும்பைக் கையில் கொடுத்து இடமா வலமா என்று கேட்பார்கள். காலிப்பரை வைத்துப் பக்கத்து பெஞ்சுக்காரியின் தலையை அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, எட்கர் தர்ஸ்டனைப் பற்றிப் படிக்கும் வரை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர் இதே மாதிரிக் கருவிகளோடு போய்ச் சாதிவாரியாகத் தலையையும் மூக்கையும் அளந்தவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்களவை வைத்துச் சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று அதிகாரிகள் நம்பிய காலம் அது. அதன் பிறகு காலிப்பரைத் தொடும்போது எனக்குக் கை கொஞ்சம் கூசும்.

சமூகவியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? (பலர்)

தேர்வுக்கு எழுத வேண்டிய பதில் வேறு, உண்மையான பதில் வேறு. இந்தியாவில் இந்த வேலி ரொம்பத் தாழ்வானது. இந்தியச் சமூகவியலின் முன்னோடிகளில் ஒருவரான எம்.என். சீனிவாஸ் ஆக்ஸ்ஃபோர்டில் கற்றது சமூக மானிடவியல். 1959-ல் டெல்லியில் அவர் தொடங்கியது சமூகவியல் துறை. பழங்குடி என்றால் மானிடவியல், நகரம் என்றால் சமூகவியல் என்ற பழைய பாகப்பிரிவினையை இன்னும் யாராவது சொன்னால் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எங்கே படிக்கலாம்? நுழைவுத்தேர்வு உண்டா? (மூன்று பேர்)

புதுச்சேரி, ஐதராபாத், டெல்லி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத்தேர்வை முதுகலைக்கு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது, அதன் சேர்க்கை தனி. வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோவில் தொலைதூர எம்.ஏ. உண்டு. 47 வயதில் படிக்கலாமா என்று கேட்ட ஆசிரியருக்கும் இதுதான் பதில்: படிக்கலாம் சார். ஊர்க்காரர்கள் உங்களோடு பேசுகிற மாதிரி இருபத்திரண்டு வயதுப் பையனோடு பேச மாட்டார்கள்.

முதலிலேயே தமிழில் ஏதாவது படித்துப் பார்க்க வேண்டும் என்றால் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ போதும்.

களப்பணி களப்பணி என்கிறீர்கள். போய் உட்கார்ந்து உண்மையில் என்னதான் செய்வீர்கள்? (தம்பி ஒருவர், கோவை)

நல்ல கேள்வி தம்பி, என் அம்மாவும் இதையேதான் கேட்டார்.

62 கேள்விகள் அச்சடித்த தாளோடு போய் இறங்கினேன். வெயில் ஏறினால் உப்பு கண்ணைப் பறிக்கும் என்பதால் அளத்தில் இருட்டோடு இருட்டாகவே வேலை தொடங்கிவிடும். நான் போய்ச் சேரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஓலைக் கொட்டகையில் அவர்கள் கஞ்சி குடிக்கும் நேரத்தில் தாளை நீட்டுவேன். ‘கடன் இருக்கிறதா?’ என்பது 31-ஆவது கேள்வி. ஏறக்குறைய எல்லோருமே இல்லை என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம், புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று.

இரண்டு மாதம் போனது. தாளைப் பையில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார ஆரம்பித்திருந்தேன். ஐப்பசியில் மழை பிடித்து அளம் மூடும் சமயம். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “அடுத்த வருசமும் இங்கதான், அட்வான்சு வாங்கியாச்சுல்லா” என்றாள். விசாரித்தால், மழை மாதங்களை ஓட்டுவதற்கு முதலாளியிடம் வாங்கும் அந்தத் தொகை வீட்டுக்கு வீடு இருந்தது. அது கழியும் வரை வேறு அளத்துக்குப் போக முடியாது. ஆனால் அதற்குப் பெயர் கடன் இல்லை, அட்வான்ஸ். கடன் என்றால் வட்டிக்காரரிடம் வாங்குவது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான சொல்லைக் கேட்டிருக்கிறேன். என் ஆய்வேட்டின் பாதி அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது.

மற்றபடி, பகலில் கேட்டதை இரவில் எழுத வேண்டும், எவ்வளவு தூக்கம் வந்தாலும். மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவை எல்லாம் போயே போய்விட்டன.

எழுதுவதற்கு ஊரில் யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்களா? (அதே தம்பி)

சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஒரு பாட்டி என் நோட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார், எழுதப் படிக்கத் தெரியாதவர். “ஏளா, எங்க பேரயெல்லாம் எழுதிக் கொண்டுபோயி மொதலாளிட்ட காட்டிருவியோ?” என்றார். அன்றைக்கே எல்லாப் பெயரையும் அடித்துவிட்டு மாற்றுப்பெயர் போட்டேன். கையெழுத்து வாங்குகிறோமே ஒப்புதல் படிவம், அதைவிட அந்தப் பாட்டியின் கேள்விதான் எனக்கு ஆய்வு நெறி கற்றுக் கொடுத்தது. ஊரின் பெயரையும் மாற்றினேன். இது பழைய வழக்கம்தான். தஞ்சாவூரில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் ஆய்வு செய்த ‘ஸ்ரீபுரம்’ புனைபெயர்தான். மானிடவியலாளர் காத்லீன் கௌவின் ‘கும்பபேட்டை’யும் அப்படியே.

சொந்த ஊரிலேயே களப்பணி செய்தால் சுலபம்தானே? (ஆய்வு மாணவர், திருவாரூர்)

சோறும் படுக்கையும் சுலபம். அதைத் தாண்டி யோசியுங்கள். உங்கள் ஊரில் உங்களை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டாம், அதுதான் சிக்கலே. இன்னார் மகன், இந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்த்தெருக்காரர் உங்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். அந்நியருக்கும் இது உண்டு. பெத்தேய் தஞ்சையில் அக்கிரகாரத்து வீட்டில் தங்கியதால் அவரையும் ஊர் பிராமணராகவே நடத்தியது. மற்றத் தெருக்களுக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எந்த வீட்டில் தங்குகிறோம் என்பதிலேயே ஆய்வின் எல்லை விழுந்துவிடுகிறது. எனக்கும் அளத்தில் முதல் வாரமே சுற்றி வளைத்துச் சாதி கேட்டார்கள். “அப்பாக்கு எந்த ஊரு? அம்மா எந்தப் பக்கம்?” மூன்றாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மறைக்கப் பார்க்காதீர்கள். யார் எதைச் சொல்லவில்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் களப்பணிக்குப் பக்கத்து மாவட்டம்.

வெளிநாட்டில் படிக்க அரசு உதவித்தொகை கிடைக்குமா? (மாணவி, விழுப்புரம்)

பட்டியல் சாதியினர், சீர்மரபு நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர் குடும்பங்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் 2022-ல் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்குக் கிடையாது. அதாவது, தன் சேரியைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் பெண்ணுக்கு இதில் இடமில்லை. எனக்கு இந்த விதியில் கொஞ்சமும் உடன்பாடில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் வழிகாட்டுதலை வரிவரியாகப் படியுங்கள்.

இல்லையென்றால் அமெரிக்க முனைவர் படிப்புகளைப் பாருங்கள், பெரிய துறைகளில் இடம் கிடைத்தாலே பணமும் சேர்ந்து வரும். பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்குக் கடன் வாங்கிப் போகாதீர்கள். போய் வந்தவர்கள் அடைக்கும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா ‘இதைப் படித்தால் என்ன வேலை?’ என்கிறார். (கிட்டத்தட்ட எல்லோரும்)

அப்பாவிடம் மழுப்பாதீர்கள். கல்லூரி வேலை குறைவு, ஏனென்றால் துறைகளே குறைவு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அதன் பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. என் வீட்டில் பேச்சு நின்றது அந்தத் தொகை வங்கியில் விழுந்த பிறகுதான். இந்திய மானிடவியல் ஆய்வகம், ஊட்டி பக்கத்தில் பழங்குடியினர் ஆய்வு மையம், அருங்காட்சியகங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் உண்டு. செயலி செய்யும் நிறுவனங்களும் மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல நம்மவர்களை எடுக்கின்றன. சம்பளம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. சிவில் சர்வீஸில் இது 500 மதிப்பெண் விருப்பப்பாடம் என்பதையும் அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் அதற்காக மட்டும் இரண்டு வருடம் இங்கே வந்து உட்காராதீர்கள், அதற்குப் பயிற்சிக் குறிப்புகளே போதும்.

குறிப்புகள் தொலைந்தால்? (ஆய்வு மாணவி, சேலம்)

மூன்று பிரதி எடுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். சீனிவாஸ் 1948-ல் கர்நாடகத்து ராம்புராவில் செய்த களப்பணியின் தொகுத்த குறிப்புகள் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. அவர் நினைவிலிருந்தே புத்தகம் எழுதினார். நம் ஞாபகசக்தி அவருடையது இல்லை.

தமிழர் தமிழரைத்தான் ஆராய வேண்டுமா? மானுடவியல் படிக்க ஆசை, ஆனால் யுத்தத்தைப் பற்றி மட்டுமே எழுதச் சொல்லுகினம். (யாழ்ப்பாணம்)

இல்லவே இல்லை. உங்கள் நாட்டுத் தமிழரான ஸ்டான்லி தம்பையா உலகப் பெயர் வாங்கியது தாய்லாந்து பௌத்தத்தை ஆராய்ந்து. 1956-ல் கிழக்கிலங்கையின் கல்லோயாவில் மாணவர்களோடு ஆய்வில் இருந்தபோது தமிழருக்கு எதிரான கலவரத்தை நேரில் பார்த்தவர். பிறகு தாய்லாந்து போனார். இலங்கை வன்முறையைப் பற்றிப் பல ஆண்டு கழித்து, தானே எழுத நினைத்தபோது எழுதினார். நீங்களும் எழுத வேண்டும் என்று தோன்றும்போது எழுதுங்கள். இப்போதைக்கு மனம் போகிற இடத்தின் மொழி வகுப்பைத் தேடிச் சேருங்கள். தம்பையா வழியில் தாய் மொழி என்றால், அதை இடைவெளி விட்டு எழுதுங்கள். சேர்த்து எழுதினால் உங்கள் நெறியாளர் குழம்பிப்போவார்.