நிலத்தை விற்காதீர்கள், அரசியல் அறிவியலில் சேருங்கள்

விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், மேத்ஸ் குரூப். கவுன்சலிங்கில் நல்ல காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் அளவுக்குக் கட்-ஆஃப் இல்லை. தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. படிப்புக்கு சீட் பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டார், மீதிப் பணத்துக்கு ஊரில் இருக்கும் நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறார். பெண்ணோ பொலிட்டிகல் சயின்ஸ்தான் என்று நிற்கிறாள்.

பயம் புரிகிறது அம்மா. ஆனாலும் நேராகவே சொல்கிறேன், நிலத்தை விற்காதீர்கள். பிடிக்காத படிப்பை, கட்ட முடியாத பணத்துக்கு, கல்லூரி எப்படி என்று விசாரிக்காமல் வாங்குவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. "மேத்ஸ் எடுத்துவிட்டு ஆர்ட்ஸா" என்று உங்கள் அண்ணன் கேட்கிறாராம், அதற்குக் கீழே வருகிறேன்.

"இப்படித்தான் நேரத்தை வீணாக்குகிறாள்" என்று அவள் நோட்டின் ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நான் அதை நிதானமாகப் படித்தேன். 2024 பிரிட்டன் தேர்தல். தொழிலாளர் கட்சி 33.7 சதவீத ஓட்டு, 650இல் 411 சீட். ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம், 5 சீட். லிபரல் டெமாக்ரட் 12.2 சதவீதம், 72 சீட். கீழே சிவப்பு மையில் "ஓட்டு குறைவு, சீட் மட்டும் எப்படி அதிகம்?" என்று எழுதியிருக்கிறாள். நாடுகளின் ஆட்சிமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டு அரசியல் என்ற துறையே இந்த மாதிரிக் கேள்விகளில்தான் ஆரம்பிக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் அங்கே போய் நிற்கிறாள்.

இதே கேள்வி நியூசிலாந்தில் ஒரு நாட்டையே மாற்றியிருக்கிறது. அங்கே 1978லும் 1981லும் அதிக ஓட்டு வாங்கிய கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது, 1981இல் இருபது சதவீதத்துக்கு மேல் வாங்கிய மூன்றாவது கட்சிக்குக் கிடைத்தது 2 இடம். ஆணையம் போட்டார்கள், 1993இல் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள், 1996 முதல் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சி வாங்கும் ஓட்டின் விகிதத்துக்கு ஏற்பத்தான் சபையில் இடம். சபையில் பெண்கள், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஆகியோரின் எண்ணிக்கை கூடியது. ஆனால் அந்த முதல் தேர்தலுக்குப் பிறகு கூட்டணி பேசி முடிக்கவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. லாபமும் உண்டு, விலையும் உண்டு, இரண்டையும் எடை போடத் தெரிவதுதான் இந்தப் படிப்பு.

ஜெர்மனியில் பிரதமருக்கு இணையான சான்சலரை நாடாளுமன்றம் கவிழ்க்க வேண்டுமென்றால் அதே வாக்கெடுப்பில் அடுத்தவரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மத்தியில் அது பலித்தது ஒரே ஒரு தடவை, 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தபோது. நம் நாட்டில் 1999இல் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டது, வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் தோற்றது, தோற்கடித்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை, தேர்தல் வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் பெண் ராத்திரி தூங்க மாட்டாள்.

இப்போது மேத்ஸ். லைபார்ட் என்ற அறிஞர் 36 ஜனநாயக நாடுகளை ஒப்பிட்டு, அதிகாரத்தைப் பகிர்கிற நாடுகளில் பெண் பிரதிநிதிகளும் வாக்குப்பதிவும் கூடுதல் என்றார். சரி, அப்படி அதிகாரத்தைப் பகிர்கிற ஸ்விட்சர்லாந்து நன்றாக இருப்பது ஆட்சிமுறையாலா, கையில் பணம் இருப்பதாலா? இதைப் பிரித்துச் சொல்லப் புள்ளியியல் வேண்டும். கணக்குக்குப் பயப்படாத பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருவது குறைவு. அவள் படித்த மேத்ஸ் ஒன்றும் வீண் போகாது அம்மா, மற்றவர்களை முந்தப் போவதே அதை வைத்துத்தான்.

வேலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாம் வருடம் கம்பெனிக்காரர்கள் கேம்பஸுக்கு வந்து அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள், முதல் சில வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பட்டம் முடித்தவுடன், 25 வயதுக்குள், நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் லாம்ப் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை டெல்லியில் ஒரு எம்.பி.யுடன் உட்கார்ந்து, அவர் கேட்கப் போகும் கேள்விக்குத் தரவு தேடுவது, மசோதாவைப் பிரித்துப் படித்துக் குறிப்பு எழுதுவது, உதவித்தொகையும் உண்டு. லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பின் தேர்தல் ஆய்வுகளில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தான். அந்த அனுபவம் பின்னால் ஆய்வு நிறுவனம், பத்திரிகையின் டேட்டா பிரிவு என்று போக உதவும்.

செலவில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதே படிப்பை லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் என்று அவள் கேட்டாலும் முடியாது என்றே சொல்லுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இந்தப் பாடம் இருக்கிறது, அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். முதுகலைக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வு எழுதி ஹைதராபாத், புதுச்சேரி, ஜே.என்.யூ. என்று போகலாம். அவள் பங்குக்கு அவள் செய்ய வேண்டியது, தினமும் ஆங்கிலத்தில் படிப்பதும், மூன்று வருடத்துக்குள் ஆர் (R) என்ற கணினி மொழியில் தரவை அலசக் கற்றுக்கொள்வதும். அது இலவச மென்பொருள்தான்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுங்கள், சேரும்போது துணைப்பாடமாக எகனாமிக்ஸோ புள்ளியியலோ கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம், அண்ணன் கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீது இருந்தால் அதோடு போய், எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.