க்னூத்தை எங்கே தொடங்குவது?

கேள்வி: உயர்தரத்தில் கணிதம் படிக்கிறேன். டொனால்ட் க்னூத்தின் கணினிப் புத்தகங்களை இப்போதே வாசிக்கலாமா சேர்?
– வாசகி, ஹட்டன்

பதில்: வாசிக்கலாம் தங்கச்சி, ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் மூச்சு வாங்கும். அவருடைய ‘தி ஆர்ட் ஒஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற நூல் தொடரின் முதல் தொகுதி 1968இல் வந்தது, 4பி என்ற தொகுதி 2022இல்! மூன்றாம் தொகுதியைப் பிடியுங்கள், அடுக்குவதும் தேடுவதும்தான் விஷயம். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், ஆயிரம் பெயர் அகர வரிசையில் இருக்கிறது என்று வையுங்கள், நடுவில் திறந்து, தேடும் பெயர் முன்னாலா பின்னாலா என்று பார்த்துப் பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் பத்துத் தடவைக்குள் ஆள் அகப்பட்டுவிடும். பயிற்சிகளுக்கு 0 முதல் 50 வரை கடினத்தை எண்ணாகப் போட்டிருக்கிறார், 20க்கு மேலே இப்போது வேண்டாம். அப்புறம், புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2008 வரை 2.56 டொலர் காசோலை பரிசு, இப்போது அதற்குப் பதில் ஒரு சான்றிதழ். 256 சதம், பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்ணில் 100 அல்லவா, குறும்புக்கார மனிதர்.